கண்ணில் இருந்த மீதிப் பாட்டு

நாகூர் கனி 1966இல் சிங்கப்பூரிலிருந்து காரைக்குடிக்கு வந்தபோது ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியைக் கண்ணுக்குள் பிடித்துக்கொண்டு வந்தார். அங்கே அவருக்கு மளிகைக் கடையில் வேலை. முந்தைய விடுமுறையில், பெட்டிக்குள் ஆட்கள் பாடுகிறார்கள் என்று அவர் சொல்லக் கேட்ட மகள் நபீஸா, தானும் பார்த்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மெட்ராஸிலேயே தொலைக்காட்சி இல்லாத காலம் அது. அவர் எல்லா வழியும் விசாரித்தார். டேப் ரிக்கார்டரில் குரல் வரும், ஆள் வராது. போட்டோவில் ஆள் வரும், வாய் அசையாது. இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் இயந்திரம் அலமாரி அளவு இருந்தது. விலையைக் கேட்டதும் வந்த வழியே திரும்பிவிட்டார். மிச்சம் இருந்தது கண்தான். வசதியில்லாதவர்கள் அப்போது அப்படித்தான் கொண்டுவந்தார்கள். நிகழ்ச்சி முடிந்த கையோடு கண்ணை மூடிவிட வேண்டும். ஊருக்கு வந்து வெள்ளைச் சுவருக்கு எதிரே உட்கார்ந்துதான் திறக்க வேண்டும். ஒரே தடவைதான் ஓடும். ஓடும்போது கொண்டுவந்தவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. அழுதால் கரைந்துவிடும். தேவகோட்டைக்காரர் ஒருவர் துணிப்பெட்டி களவு போன பதற்றத்தில் கப்பலிலேயே கண்ணைத் திறந்துவிட, ஒரு குத்துச்சண்டை முழுவதும் காயப்போட்டிருந்த விரிப்பில் ஓடி வீணாய்ப் போனது. மாலுமிகள் கைதட்டினார்களாம்.

நாகூர் கனி சமூக மன்றத்துத் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து, சிறுமிகள் பாடி ஆடும் தமிழ் நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினார். கூட வேலை பார்த்த சம்சுதீன் கையைப் பிடித்துக் கப்பல் ஏற்றி, நாகப்பட்டினத்தில் இறக்கி, ரயிலில் காரைக்குடிக்குக் கூட்டிவந்தார். கூடத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து வைக்கும்படி நாகூர் கனி தன் மனைவி சைதுன் பீவிக்கு முன்பே எழுதியிருந்தார். அந்தக் கடிதம் வந்தபோது நபீஸா இல்லை. மழைக்காலத்துக் காய்ச்சலில் மவுத்தாகிப் பள்ளிவாசல் மையவாடியில் அடங்கியிருந்தாள். கடல் கடந்து இருப்பவருக்குச் சாவுச் செய்தி எழுதுவதில்லை என்பது தெருவின் வழக்கம். ஆறுதல் சொல்ல ஆளில்லாத இடத்தில் ஒற்றையாய்க் கிடந்து அழுவானே என்ற இரக்கம்தான். எனவே சைதுன் பீவி எழுதவில்லை. மகள் போன வீட்டுக்குத் தானே சுண்ணாம்பு அடித்தாள். என்ன நெஞ்சழுத்தம் இவளுக்கு என்று தெரு பேசியது. தெருவுக்கு என்ன, பேசும்.

அவர் வந்து சுவருக்கு எதிரே உட்கார்ந்தார். நபீஸா வந்துவிட்டாளா என்று கேட்டார். எத்தனை வருஷ ஆசை, எத்தனை நாள் இருட்டு. அதை ஒரு வார்த்தையில் கொல்ல சைதுன் பீவிக்கு மனம் வரவில்லை. மகள் உட்காரும் இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொண்டு, "இருக்கா, தெறங்க" என்றாள். சுவரில் வெளிச்சம் விழுந்தது. ரிப்பன் கட்டிய சிறுமிகள் வரிசையாக வந்து பாடினார்கள். நபீஸா மூச்சு விடாமல் பேசுகிறவள், தூக்கத்திலும் பேசுவாள். பாட்டின் நடுவே நாகூர் கனி, "என்ன, அவ சத்தத்தையே காணோம்?" என்றார்.

"வாயடைச்சுப்போயி பாக்குறா."

அந்தக் குரலில் அவருக்குத் தெரிந்துவிட்டது. கண்ணை மூடினார். பாட்டு பாதியில் நின்றது. எப்போது என்று கேட்டார், சொன்னாள். "மீதி அவளுக்கு இருக்கட்டும்" என்றார்.

அதன்பிறகு அவர் கண்ணைத் திறக்கவும் இல்லை, அழவும் இல்லை. மகளுக்காக அழ முடியாமல் போன தகப்பன் அந்த ஜில்லாவிலேயே அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். சிங்கப்பூருக்குத் திரும்பவில்லை. சந்தையில் புளி விற்றார். முகர்ந்தே பழைய புளியா புதுப்புளியா என்று சொல்லிவிடுவார் என்பதால் வியாபாரம் நன்றாகவே நடந்தது. வருஷங்கள் போயின. சைதுன் பீவிக்குத் தலை நரைத்தது அவருக்குத் தெரியாது. ஒரே ஒரு தடவை அவள், "என்னைய ஒருக்காப் பாக்கக் கூடாதா?" என்று கேட்டாள். அவர் அவள் முகத்தைக் கையால் தடவிப் பார்த்தார். கை ஈரமானது. கண்ணை மட்டும் திறக்கவில்லை. இரண்டாம் தடவை அவள் கேட்கவில்லை. பின்னாளில் சம்சுதீன் விடுமுறையில் வந்து, வெளிநாட்டில் இப்போது நிகழ்ச்சி பிடிக்க வீட்டிலேயே வைக்கும் இயந்திரம் வந்துவிட்டது, எதை வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம், இனியாவது கண்ணைத் திறக்கலாமே என்றார். அது நபீஸா கேட்டது இல்லையே என்று சொல்லிவிட்டார் நாகூர் கனி.

1978இல் அவர் மவுத்தானார். குளிப்பாட்டும்போது இமைக்கடியில் வெளிச்சம் கசிந்தது. பள்ளிவாசல் அஜரத் பார்த்துவிட்டு, அவர் கொண்டுவந்தது அவரோடே போகட்டும் என்றார். மகளுக்குப் பக்கத்தில் அடக்கினார்கள். மற்றவர்கள் கலைந்தபின், ஊருக்கு வந்திருந்த சம்சுதீன் மட்டும் மஃரிப் தொழுகைக்கு இருட்டும் வரை அங்கே நின்றுவிட்டு வந்தார். விட்ட இடத்திலிருந்து பாட்டு தொடங்கி முழுதும் ஓடியதாகச் சொன்னார். சைதுன் பீவி, பாட்டு நன்றாக இருந்ததா என்று கேட்டாள்.

"பாட்டு எங்கே கேட்டுச்சும்மா. நபீஸா பேச்சுதான் கேட்டுச்சு."

சைதுன் பீவி தலையாட்டினாள். அவள் அப்படித்தான், பேசாமல் ஒன்றையும் பார்க்க மாட்டாள் என்றாள்.