கருவாட்டுக்காரி சிரிக்க மாட்டாள்

திரையில் கருவாட்டுக்காரி சிரித்தாள். இமாஸ் வேண்டுமென்றே வேனை நிறுத்தாமல் ஓட்டி, குழியில் தேங்கிய மழைத்தண்ணீரை அவள் மேல் வாரி இறைத்திருந்தாள். அப்படியும் அவள் தலைக்கூடையைப் பிடித்துக்கொண்டு, போய் வா என்பதுபோல் கையசைத்தாள். இமாஸ் ஒரு சுற்று சுற்றி வந்து மறுபடியும் அவளைத் தாண்டிப் போனாள். மறுபடியும் அதே சிரிப்பு. அடுத்த சுற்றில் நிறுத்தியதும், எதுவுமே நடக்காததுபோல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"சும்மா வழுக்கிக்கிட்டுப் போகுதில்ல?" என்றார் பின்னால் நின்றிருந்த ஹெர்டிஸ். "எந்தப் புது மெஷின்ல போட்டாலும் ஓடும். எவ்வளவு பாடு தெரியுமா?"

இமாஸ் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். 

பாண்டுங் நகரத்தில் ஒரு பைக் பட்டறையின் மாடியறையில், இரண்டு பேரும் வாலிபத்தில் இருந்தபோது செய்த ஆட்டம் அது. பெயர் 'ஓரமா நிறுத்து'. பச்சை வேனை ஓட்டிக்கொண்டு போய், வழியில் நிற்கிறவர்களை ஏற்றி இறக்க வேண்டும், அவ்வளவுதான். ரோடும் வேனும் நெரிசலும் ஹெர்டிஸ் எழுதியவை. ஓரத்தில் நின்ற மனிதர்களை எழுதியவள் இமாஸ். ஊரில் கம்ப்யூட்டரை மணிக்கணக்கில் வாடகைக்கு விட்ட கடைகளிலெல்லாம் பையன்கள் அதை விளையாடித் தீர்த்தார்கள். பிறகு வேகமான மெஷின்கள் வந்தன. அவற்றில் போட்டால், கண்ணை மூடித் திறப்பதற்குள் வேன் ரோட்டின் மறுகோடிக்குப் பறந்து போய் மோதி நின்றது. பழைய மெஷின் மெதுவாக ஓடும் என்று நம்பி எழுதிய ஆட்டம். விளையாட முடியாமல் போனதும் ஊர் அதை மறந்துவிட்டது. ஹெர்டிஸ் ஜகார்த்தா போய்ப் பெரிய ஆளானார். இமாஸ் லெம்பாங் பால் கூட்டுறவுச் சங்கத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனாள்.

இப்போது ஒரு கம்பெனி அதைத் தூசு தட்டிப் புது மெஷின்களுக்குக் கொண்டுவருகிறது. அதை யோசித்தது, எழுதியது எல்லாம் ஹெர்டிஸ் தனியாள்தான் என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். இமாஸும் படித்தாள். போகட்டும், பெயர்தானே என்று விழுங்கிக்கொண்டாள். வெளிவருவதற்கு முன்னால் நீ ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும் என்று அவர் கூப்பிட்டபோதுகூட, கொஞ்சம் சந்தோஷத்தோடுதான் இந்த ஆபீசுக்குக் கிளம்பி வந்தாள்.

"ஏன் அண்ணா இவ சிரிக்கிறா?" என்றாள்.

"யாரு?"

"இவ. கருவாட்டுக்காரி."

ஹெர்டிஸ் பக்கத்து மேசையைப் பார்த்தார். அங்கே பிரித்தா உட்கார்ந்திருந்தாள். ஆட்டத்தைப் புது மெஷினுக்கு மாற்றியவள் அவள்தான். முப்பது வயதிருக்கும், கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருப்பு. "அந்தப் பகுதி மட்டும் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சுக்கா," என்றாள். "வேன் வேகத்தைக் கட்டுப்படுத்திட்டேன். ஆனா ஜனங்களோட பொறுமை தனியா ஓடுது. மெஷின் கட்டளைகளை ஒரு சுத்து ஓட்டி முடிச்சா பொறுமை ஒண்ணு குறையும்னு எழுதியிருக்கீங்க. இப்ப உள்ள மெஷின் சுத்துற வேகத்துக்கு, வேன் கிளம்புறதுக்கு முன்னாடியே எல்லாருக்கும் கோபம் வந்திருது. ஒருத்தரும் ஏற மாட்டேங்கிறாங்க. அதனால…"

"அதனால?"

"கோபத்தையே எடுத்துடச் சொன்னாங்க."

இமாஸ் ஹெர்டிஸைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தோளைக் குலுக்கினார். "கம்பெனிக்காரங்களுக்கும் அதுதான் பிடிச்சிருக்கு. இந்தக் காலத்துப் பசங்க விளையாட வந்த இடத்துல திட்டு வாங்க மாட்டாங்கம்மா. எல்லாரும் சிரிச்சா கலகலன்னு இருக்குல்ல?"

இமாஸின் அம்மா சிரோயோம் சந்தையில் கருவாடு விற்றவள். விடியலில் கூடையோடு ரோட்டோரம் நிற்பாள். வேன்கள் வேகம் குறைத்து வரும், கூடையைப் பார்க்கும், நாற்றம் என்று முகம் சுளித்துக்கொண்டு பறந்துவிடும். பள்ளிச் சீருடையில் பக்கத்தில் நிற்கும் இமாஸுக்கு அவமானமாக இருக்கும். அம்மாவுக்கு அவமானம் கிடையாது, கோபம்தான். தன்னை விட்டுவிட்டுப் போன ஒவ்வொரு டிரைவர் முகமும் அவளுக்கு மனப்பாடம். ஆள் கிடைக்காத மத்தியானத்தில் அதே ஆள் வந்து, 'ஏறுங்க அம்மா, இடமிருக்கு' என்று குழைந்தால், கூடையை எடுத்து வைத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பிக்கொள்வாள். வெயிலில் நடந்தே வீட்டுக்கு வருவாளே தவிர அந்த வேனில் கால் வைக்க மாட்டாள். அந்தக் கோபத்தைத்தான் இமாஸ் வரிவரியாக எழுதி மெஷினுக்குள் வைத்திருந்தாள். தாண்டிப் போனால் ஞாபகம் வைத்துக்கொள்ளும் ஜனங்கள். எல்லாரையும்விட நீண்ட நாள் ஞாபகம் வைத்துக்கொள்கிறவள் கருவாட்டுக்காரி. அவளைச் சமாதானப்படுத்தி ஏற்றுவதுதான் ஆட்டத்தில் பெரிய கஷ்டம். பையன்கள் அவளைத் திட்டிக்கொண்டே அவளுக்காக வேனை நிறுத்திக் காத்துக் கிடந்தார்கள்.

"இவ யாருன்னு உங்களுக்குத் தெரியும்," என்றாள் இமாஸ். "எங்க வீட்டுக்கு வந்து அவ கையால சோறு சாப்பிட்டிருக்கீங்க."

"அதுக்கு என்னம்மா இப்ப? ஆட்டம்தானே. பொம்மைதானே."

"பொம்மையா?"

"கத்தாத இமாஸ். எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்! எங்கம்மா மேல தண்ணிய வாரி அடிச்சிட்டு, அவளையே பல்லைக் காட்ட வெச்சிருக்க. இதைப் பாராட்டவா என்னைக் கூப்பிட்ட? வெக்கமா இல்ல உனக்கு?"

'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று அவளுக்கே தெரியவில்லை. ஹெர்டிஸின் முகம் சுருங்கியது. மெஷினின் கடிகாரத்தை வைத்துப் பொறுமையைக் கணக்கிடு, சுற்றை எண்ணாதே, வேலை முடிந்தது, நானே உட்கார்ந்து செய்து தருகிறேன் என்றாள் இமாஸ். நேரமில்லை, எல்லாம் முடிவாகிவிட்டது என்றார் அவர். பிரித்தா தலை குனிந்துகொண்டாள். இமாஸ் குடையை மறந்துவிட்டு மழையில் இறங்கி நடந்தாள்.

ஆட்டம் வெளிவந்த அன்றே கடையில் போய் எல்லாரையும்போல ஒன்று வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய சிடியிலிருந்து தான் எழுதியதை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். சொன்னபோது சுலபமாகத்தான் இருந்தது. செய்ய உட்கார்ந்ததும், கோபத்தை எடுத்தெறிந்த இடத்தில் பிரித்தா போட்டிருந்த ஒட்டுகள் ஒவ்வொன்றும் குறுக்கே நின்றன. முதலில் யாருக்குமே கோபம் வரவில்லை. பிறகு வந்த கோபம் தணியவே இல்லை. ஒரு தடவை பள்ளிப் பிள்ளைகள்கூட வேனைப் பார்த்ததும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். இமாஸ் மேசையைக் கையால் அறைந்தாள். தேநீர் கொண்டுவந்த அவள் கணவன் யாயான் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"எதுக்கு வம்பு? அவரு பெரிய ஆளு. கேட்டா பேரு போட்டுருவாரு."

"பேரு யாருக்கு வேணும்?"

"பின்ன?"

"நீ உக்காந்து ஓட்டு. அவளை விட்டுட்டுப் போ."

யாயான் உட்கார்ந்தான். கருவாட்டுக்காரியைத் தாண்டி ஓட்டினான். சுற்றி வந்து நிறுத்தினான். அவள் கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, காறித் துப்பிவிட்டு, மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். யாயான் ஹாரன் அடித்தான். அவள் திரும்பவில்லை. "ஐயோ, மாமியாரேதான்!" என்று அவன் அலறியபோது இமாஸுக்குச் சிரிப்பு வரவில்லை. 

ஆட்டத்தை வாங்கினவர்கள் மேலே போட்டுக்கொள்ளும்படி, அந்தத் திருத்தத்தை மட்டும் சின்னதாகக் கட்டி, பழைய ஆட்டக்காரர்கள் கூடும் இணையதளத்தில் இலவசமாக ஏற்றினாள். கீழே தன் பெயரும் ஒரே ஒரு வரியும்: 'இவர்கள் இனி கோபப்படுவார்கள்.'

அடுத்த வாரமெல்லாம் எங்கெங்கோ இருந்து ஜனங்கள் எழுதினார்கள். கிழவி என்னைப் பார்த்துத் துப்பிவிட்டாள் என்று ஒருவன் ஆனந்தக் கூத்தாடினான். கம்பெனி விற்பது சோறில்லாத தட்டு, சோறு இங்கே இருக்கிறது என்று இன்னொருவன் எழுதினான். இந்த இமாஸ் யார், பத்திரிகையில் ஏன் இவள் பெயர் இல்லை என்று கேள்விகள் கிளம்பின. பிரித்தாவிடமிருந்து ஒரு சொல்கூட வரவில்லை. ஆனால் திருத்தத்தை முதலில் இறக்கிக்கொண்டவர்களின் பெயர்களில் அவளுடையதும் இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் ஹெர்டிஸ் போனில் கூப்பிட்டார். குரல் தேன் மாதிரி இருந்தது. "இமாஸ், கம்பெனியில பேசிட்டேன். உன் பேரை என் பேருக்குப் பக்கத்துலயே போடுறோம். பெரிய எழுத்துல. நீ அதை மட்டும் எடுத்துடு."

"எதை?"

"அதாம்மா, அந்தத் திருத்தத்தை."

"அவ சிரிச்சுக்கிட்டே இருப்பா. பக்கத்துல என் பேரு இருக்கும்."

"நல்லா யோசி. இப்படி ஒரு வாய்ப்பு இனிமே வராது. சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும். இல்லேன்னா அவங்க வக்கீல்கிட்ட போயிடுவாங்க, என்னால தடுக்க முடியாது."

இமாஸ் வைத்துவிட்டாள். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. தெம்பே என்ற சோயாக்கட்டித் துண்டுகளை மாவில் தோய்த்துப் போட்டாள். எண்ணெய் சீறித் தெறித்து மணிக்கட்டில் சுட்டது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. யாயான் ஓடிப்போய்க் கொடித்துணிகளை அள்ளினான்.

மேசைமேல் போன் மறுபடி அதிர ஆரம்பித்தது. ஹெர்டிஸ். ஒவ்வொரு அதிர்வுக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, சட்டினிக் கிண்ணத்தை உரசிக்கொண்டு, மேசை விளிம்பை நோக்கிப் போனது. பாதி உடம்பு வெளியே வந்தும் நிற்கவில்லை. இமாஸ் கையில் அரிகரண்டியோடு, எண்ணெய் சொட்டச் சொட்ட, அதைப் பிடிக்கக் கை நீட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.