ஞாயிற்றுக்கிழமைக் கறை

வாசல் மரத்தடியில் நின்ற காரின் போனட்டில் ஈரத் துணியை விரித்துவிட்டு மகள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நிமிடம் ஊற வேண்டும். காய்ந்த பறவை எச்சத்தைச் சுரண்டினால் அதிலிருக்கும் மண்ணும் விதையும் பெயிண்டைக் கீறிவிடும். அப்பா முதல் தடவை நகத்தால் சுரண்டி வைத்தவர்தான். அந்த அப்பா இப்போது கூடத்தில் வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருந்தார். காலை ஏழரைக்கு நாற்காலியில் சாய்ந்தபடி காப்பியை முடித்தவர், தம்ளரைக்கூடக் கீழே விடாமல் போய்விட்டார். அவரை எடுத்துப் போக மூன்று மணிக்கு வண்டி வரும்.

"என் தம்பி உள்ளே கிடக்கறான், இவ கார் துடைச்சுக்கிட்டிருக்கா. நல்லா இருக்குடி அழகு!" என்றாள் அத்தை, வாசலில் நின்று.

"நான்தான் அண்ணி செய்யச் சொன்னேன்," என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அவர் நேத்து கூப்பிட்டதே அதுக்குத்தானே."

படிப்பை முடித்துவிட்டு, கார்களுக்குப் பாலிஷ் போடும் பட்டறையில் அவள் சேர்ந்த அன்று, "ஊரான் வண்டியைத் தேய்க்கத்தான் உன்னைப் படிக்க வெச்சேனா?" என்று அப்பா கத்தினார். பாலிஷ்காரி என்று பேரும் வைத்தார். அவளுக்கு மட்டும் ரோஷம் இல்லையா? பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். இரண்டு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போன் வந்தது. சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை மனுஷன்.

"போனட்டுல ஏதோ பறவை எச்சம் போட்டிருக்கு. கறை போக மாட்டேங்குது. பாலிஷ்காரிக்கு ஏதாவது தெரியுமா?"

மறுநாள் வந்தாள். அடுத்த சனிக்கிழமையும் போன். நாலு வருடமாக அந்த வாசல் மரத்துப் பறவைகள் ஒரு சனிக்கிழமைகூடத் தவறினதில்லை. ஆனால் அப்பா ஒரு நாளும் 'வா' என்று சொன்னதில்லை. அதுதான் இன்று அவளை உறுத்தியது. தன்னை மன்னித்தாரா, இல்லை, சும்மா கிடைக்கிற பாலிஷ்காரி என்று வைத்திருந்தாரா? இனிமேல் யாரைப் போய்க் கேட்பது?

"காரை ஷெட்டுல விட்டா என்னப்பா?" என்று நூறு தடவையாவது கேட்டிருப்பாள்.

"ஷெட்டு பூரா தட்டுமுட்டுச் சாமான். சாவியும் தொலைஞ்சு போச்சு," என்பார்.

துணியை எடுத்தாள். எச்சம் கூழாகப் பெயர்ந்து வந்தது. அடியில் உள்ளங்கையளவு மங்கல். விரல் வைத்தால் லேசான பள்ளம். காலை வெயில் ஏறினதும் அது மேல்பூச்சை அரித்துவிட்டிருந்தது. முன்கண்ணாடிக்குக் கீழே இடுக்கில் எப்போதும்போல நாலைந்து அரிசி கிடந்தன. ஊதித் தள்ளினாள். மூவாயிரம் நம்பர் உப்புத்தாளை நனைத்து, மேலாக நாலு இழுப்பு இழுத்தாள். கொஞ்சம் அழுத்தினால் போச்சு, பெயிண்டே கையோடு வந்துவிடும்.

"அக்கா, இங்க வாயேன்!"

தம்பிதான். வருகிறவர்கள் உட்கார நாற்காலி தேடி, அப்பாவின் சட்டைப் பையில் இருந்த கொத்தை எடுத்துப் போய் ஷெட்டைத் திறந்திருந்தான். சாவி அதில்தான் இருந்தது.

ஷெட்டில் ஒரு முக்காலிகூட இல்லை. கூட்டித் துடைத்த தரை. மூலையில் மடித்து வைத்த கார் உறை. நடுவே இரண்டு டயர்த் தடம், அவற்றுக்கு இடையே எண்ணெய்ச் சொட்டு. குனிந்து தொட்டாள். விரலில் ஒட்டியது.

அம்மா பின்னால் வந்து நின்றாள்.

"என்னம்மா இது?"

"என்னைக் கேட்டா? வாரம் பூரா வண்டி இங்கதான் கிடக்கும். சனிக்கிழமை மத்தியானம் ஆச்சுன்னா கொண்டுபோய் மரத்தடியில விட்டுட்டு, ஜன்னல்ல உக்காந்து பார்த்துக்கிட்டே இருப்பார். 'விழுந்துடுச்சுடி'ன்னு ஒரு சத்தம். உடனே உனக்கு போனு."

"விழலேன்னா?"

"விழாம விடுவாரா? ஒரு பிடி அரிசியை அள்ளி போனட்டு மேல இறைச்சுடுவார்."

தம்பி குபீரென்று சிரித்துவிட்டான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது.

"'வா'ன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னம்மா குறைஞ்சா போயிடுவார்?"

"அவரா? சொல்லிட்டாலும்!" அம்மா மூக்கை உறிஞ்சினாள். "நீ வேலை செய்யறதை ஜன்னல்ல நின்னு பார்ப்பார். 'என்ன நிதானம் பாரு அந்தக் கையில'ம்பார். உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு."

மகளும் ஒன்றும் யோக்கியம் இல்லை. பாதி ஞாயிற்றுக்கிழமைகளில் வெறும் துடைப்பிலேயே போய்விடுகிற கறைதான். அதை மத்தியானச் சாப்பாடு வரைக்கும் இழுத்துக்கொண்டிருப்பாள். அப்பனும் மகளும் நாலு வருடமாக ஒருவரையொருவர் நன்றாகத்தான் ஏமாற்றியிருக்கிறார்கள். நினைக்க நினைக்க அவளுக்கு நெஞ்சு நிறைந்தது.

திரும்பி வந்து போனட்டில் பாலிஷ் மருந்தைத் தடவி மிஷினை ஓட்டினாள். மங்கல் கரைந்து மரக்கிளையின் நிழல் தெரிந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தால் மட்டும் மெல்லிய வளையம் ஒன்று மிச்சம். இன்னும் ஒரு சுற்று ஓட்டினால் அதுவும் போய்விடும்.

அவள் மிஷினை நிறுத்திவிட்டு வயரைச் சுற்றினாள்.

"போயிடுச்சா?" என்றாள் அம்மா.

"பாதிதாம்மா போயிருக்கு. அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கணும்."

அம்மா போனட்டைப் பார்த்தாள், பிறகு மகளைப் பார்த்தாள்.

தம்பி ஷெட்டைப் பூட்டிவிட்டு வந்தான். "வண்டி வரதுக்குள்ள காரை ஷெட்டுல விட்டுடவாம்மா? இந்தா சாவி."

அம்மா அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எந்தச் சாவி? அது தொலைஞ்சு போய் நாலு வருஷமாச்சு."

மகள் ஈரத் துணியைப் பிழிந்து, தாழ்ந்திருந்த கிளையில் காயப் போட்டாள்.