பால் பொங்காத தெரு

எங்கள் மாவட்டத்தில் ஊனமுற்றவர்களுக்கு உதவித்தொகை கிடையாது. மாற்றுத்திறனாளி என்று பெயரை மாற்றிய நாளிலிருந்து மாற்றுத்திறன்தான் வழங்குகிறார்கள். வாரியத்தின் முன்னால் போய் நின்றால் டாக்டர் தட்டிப் பார்த்து, என்ன இல்லை என்று எழுதிக்கொண்டு, அதற்கு மாற்றாக வேறொன்றைக் கொடுப்பார். இல்லாததையே கேட்கக் கூடாது. இல்லாததைக் கொடுத்துவிட்டால் அது எப்படி மாற்றுத்திறன் ஆகும்?

பார்வையில்லாத ஆறுமுகப்பாண்டிக்கு, வருகிற பஸ்ஸில் கண்டக்டரிடம் சில்லறை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளும் திறன் கிடைத்தது. பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்பதைப் பழையபடி யாரிடமாவது கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு கையை இழந்த எலெக்ட்ரீஷியன் சாலமோன் கொட்டாவி விட்டால் எதிரில் இருப்பவருக்குத் தொற்றாது. எனக்கு வலது கால் போலியோவில் போனது; முட்டியில் கையை ஊன்றித்தான் நடப்பேன். போன வருஷம் எனக்குக் கிடைத்தது பால் பொங்காமல் நிறுத்தும் திறன். நான் தெருவில் இருக்கும்வரை தெருவில் எந்த அடுப்பிலும் பால் பொங்கி வழியாது. விளிம்புவரை வரும், நின்றுகொள்ளும்.

நான் கேட்டது அது இல்லை. ஞானதிரவியம் அண்ணாச்சியின் நைட்டி தைக்கும் கூடத்தில் நான்தான் கட்டிங் பார்ப்பது. துணியை அடுக்கிப் போட்டு நான் கத்தரி வைத்தால் ஒரு விரற்கடைகூட வீணாகாது. பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அண்ணாச்சி கீழ்த்தளத்தை ஒரு பேக்கரிக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, கூடத்தை மாடிக்குக் கொண்டுபோனார். என் மேசையை நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். என்னைத் தூக்கும் யோசனை யாருக்கும் வரவில்லை, வந்திருந்தாலும் நான் சம்மதித்திருக்க மாட்டேன். படியில் உட்கார்ந்து, பின்பக்கமாகக் கைகளை ஊன்றி, ஒவ்வொரு படியாக என்னை நானே இழுத்து ஏற்றிக்கொண்டேன். நான் பாதி வழியில் இருக்கும்போது மற்றவர்கள் டீ குடிக்க இறங்குவார்கள், என்னைத் தாண்டி.

"நான் வேண்டாம்னா சொல்லுதேன், கனி? மேல வந்துட்டா வேல இருக்கு," என்றார் அண்ணாச்சி. "அடுத்த சித்திர வரைக்கும் பாக்கேன். அதுக்கப்புறமும் இப்படியே இருந்தா வேற ஆளைத்தான் போடணும்."

அதற்காகத்தான் வாரியத்துக்குப் போனேன். பாலை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

தெருவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு சீரியல் பார்த்தார்கள், ரேஷன் கடைக்குப் போனார்கள். எனக்கு லீவான ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பம் திருச்செந்தூருக்கே போய் முடி இறக்கிவிட்டு வந்தது. வந்து பார்த்தால் பால் விளிம்பிலேயே நின்றுகொண்டிருந்தது. நான் மேல்முறையீடு செய்யப்போகிறேன் என்று ஒருநாள் வாய் தவறிச் சொன்னதும், எதிர்வீட்டுத் தங்கபுஷ்பம் அக்கா கையில் கரண்டியோடு ஓடிவந்தார்.

"ஏட்டி கனி, உனக்குக் கெடச்ச மாதிரி யாருக்குட்டி கெடைக்கும்? தானமாக் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்காத. இருக்கதையும் குடுத்துட்டு வந்து நிக்கப் போற, பாத்துக்கோ."

"அழுத பிள்ளைதான்க்கா பால் குடிக்கும்," என்றேன்.

"ஒனக்குத்தான் பாலே குடுத்துட்டாங்களே!"

அக்கா சொன்னதில் பயப்படுவதற்கும் விஷயம் இருந்தது. சாலமோன் போன தையில் மேல்முறையீட்டுக்குப் போனார். அவர்கள் அதைத் தள்ளுபடி செய்து, கொட்டாவித் திறனையும் பிடுங்கிக்கொண்டு, ஆறுதலுக்கு எது இடது கால் செருப்பு என்று பார்த்த உடனே கண்டுபிடிக்கும் திறனைக் கொடுத்து அனுப்பினார்கள். அது எல்லாருக்கும் இருப்பதுதான். எனக்கும் அப்படி ஆகிவிட்டால் வேலையும் போய், பாலும் போய், தெருவில் எனக்கு இருக்கும் கொஞ்ச மரியாதையும் போகும். மரியாதை என்றால் எனக்கும் பிடிக்கும். அதனால் மாசி முழுக்க ஒன்றும் செய்யாமல் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிக்கொண்டிருந்தேன்.

பங்குனியில் அக்காவின் மகன் எங்கள் தெருவிலேயே கட்டிய புது வீட்டுக்குப் பால்காய்ப்பு வந்தது. பால்காய்ப்பில் பால் பொங்கியே ஆக வேண்டும். இந்த மாதிரி விசேஷங்களுக்கு என்னை ஆட்டோவில் ஏற்றி பைபாஸ் பக்கம் அனுப்பிவிடுவது வழக்கம். பொங்கி முடிந்ததும் டிரைவருக்குப் போன் வரும், திரும்பக் கூட்டிவந்து ஒரு டம்ளர் கொடுப்பார்கள். அன்றைக்கும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு பைபாஸில் ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருந்தேன். லாரிகள் போயின. போன் வந்தது.

"பொங்கிட்டாம்க்கா, போவமா?" என்றார் டிரைவர்.

எனக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம். "போவோம். ஆனா அங்க இல்ல, வாரியத்துக்கு ஓட்டுங்க," என்றேன்.

வாரியத்தின் கீழ்த்தளத்தில் சீதாபதி என்ற எழுத்தர் இருக்கிறார். யாரையும் கடிந்து பேசாதவர். பஸ் நேரம் சொல்வதைப் போல எல்லாவற்றையும் சொல்வார்.

"நல்லா யோசிச்சுக்கோங்கம்மா. மேல்முறையீடுன்னா மேல போய்த்தான் முறையிடணும். கீழ கேக்க மாட்டாங்க."

"ஏற முடியலன்னுதான் சார் முறையிட வந்திருக்கேன்."

"அத மேல ஏறி வந்து சொல்லுங்க."

"ஏறி வந்து சொன்னா?"

"அப்போ ஏறிட்டீங்கல்ல. தள்ளுபடி." டீயை ஒரு வாய் குடித்தார். "அதுக்கு முன்னால கையில இருக்க திறன இங்க ஒப்படைச்சிரணும். தோத்தா திரும்பத் தரமாட்டாங்க. இதுவரைக்கும் ஜெயிச்ச ஆள் இல்ல."

சட்டத்தில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. ஏற முடிந்தவருக்குக் குறை இல்லை, ஏற முடியாதவருக்கு முறையீடு இல்லை. ஒரு இழை பிரியாமல் தைத்திருந்தார்கள். ஆனால் நான் கட்டிங் பார்ப்பவள். எந்தத் துணியிலும் எங்கே கத்தரி வைக்கலாம் என்றுதான் என் கண் போகும்.

ஒரு வருஷம் பாலோடு இருந்தவளுக்குத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. நிறுத்திவைத்த பொங்கல் எங்கேயும் போய்விடுவதில்லை. நிற்கிறது, அவ்வளவுதான். எங்கள் தெருவில் எத்தனை வீடு, காலையும் மாலையும் எத்தனை அடுப்பு! அத்தனை பாலும் என்னிடம் நின்றுகொண்டிருந்தது. நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் படிக்கட்டின் அடியில் இழுத்துப் போட்டு, சேலையைச் செருகிக்கொண்டு, கைப்பிடிகளை இறுக்கிப் பிடித்து உட்கார்ந்தேன்.

"சொல்லுங்கம்மா, ஒப்படைக்கிறீங்களா?"

"ஒப்படைக்கேன். எனக்கு இது வேண்டாம்."

முதலில் சீதாபதியின் கிளாஸில் டீ பொங்கி அவர் விரலில் வழிந்தது. பிறகு என் நாற்காலிக்குக் கீழே தரை வெள்ளையாகி, நுரைத்து, எழும்பியது. படிக்கட்டு இருந்த கூண்டு குறுகலானது. பாத்திரம் குறுகினால் பால் சீக்கிரம் ஏறும். ஒவ்வொரு படியாக என்னைத் தூக்கிக்கொண்டு ஏறியது, லேசான அடிபிடித்த வாசனையோடு. சீதாபதி கால்களை நாற்காலியில் மடக்கி வைத்துக்கொண்டு, கைக்குட்டையால் விரலைத் துடைத்தபடி, "திறன் பெற்றுக்கொள்ளப்பட்டது," என்று எழுதினார்.

மேலே மூன்று உறுப்பினர்கள் இருந்தார்கள். நடுவில் இருந்த அம்மாள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, எல்லாரிடமும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"படி ஏறி வந்தீங்களா?"

"இல்லை. பொங்கி வந்தேன்."

மூன்று பேரும் வாசலைப் பார்த்தார்கள். பால் நிலைப்படியில் வந்து நின்றிருந்தது. ஒருவர் எழுந்துபோய்த் தொட்டுப் பார்த்து, சூடாகத்தான் இருக்கிறது என்றார். ஏறாமல் மேலே வந்த மனுதாரரை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. தள்ளுபடி செய்ய வழி இல்லாததால் விசாரிக்க வேண்டியதாயிற்று.

"வேற என்ன திறன் வேணும்?" என்று கேட்டார் அம்மாள்.

"ஒண்ணும் வேண்டாம்மா. ஊனம் எனக்குன்னு எழுதியிருக்கீங்க, அதைத்தான் எதிர்க்கேன். எங்காலு என்னைய எங்கயும் விட்டுட்டுப் போனதில்ல. சின்ன வயசுலருந்து கூடவே வருது. எங்க கூடத்துப் படிக்கட்டுதான் எல்லாரையும் கொண்டுபோய் விட்டுட்டு என்னைய மட்டும் கீழயே விட்டுருது. கோளாறு அதுகிட்ட. அதைச் சோதிங்க."

சொல்லும்போது என் குரல் உயர்ந்தது. உயரட்டும் என்று விட்டுவிட்டேன். அவர்கள் குனிந்து பேசிக்கொண்டார்கள். நேரில் பார்க்க உத்தரவிட்டார்கள். கீழே இருந்து சீதாபதி பாட்டில் தண்ணீரை எடுத்துப் பாலில் தெளித்தார். பால் அடங்கியது, நானும் நாற்காலியும் அதோடு இறங்கினோம்.

அன்று சாயங்காலம் எங்கள் தெருவில் எல்லா அடுப்பிலும் பால் வழிந்தது. தங்கபுஷ்பம் அக்கா அடுப்பைத் துடைத்துக்கொண்டே என் காதில் விழும்படி திட்டினார். நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன்.

மறுவாரம் எலும்பு டாக்டர் அண்ணாச்சியின் கூடத்துக்கு வந்தார். பையிலிருந்து சின்ன சுத்தியலை எடுத்து மூன்றாவது படியைத் தட்டினார். அசைவில்லை. "இந்தம்மாவ மேல கொண்டுபோ," என்று படிக்கட்டிடம் சொன்னார். கொண்டுபோகவில்லை. தமிழ் புரியும்தானே என்று அண்ணாச்சியிடம் கேட்டார், புரியும் என்றார் அண்ணாச்சி.

"எத்தன நாளா இப்படி?"

"கட்டுனதுலருந்தே இப்படித்தான் டாக்டர்."

பிறவி ஊனம் என்று எழுதினார். நூறு சதவீதம்.

ஆணையில் என் பெயரை அடித்துவிட்டுப் படிக்கட்டின் பெயரை எழுதினார்கள். அதற்கு ஆளை மேலே தூக்கிப்போகும் திறன் இல்லை. இல்லாததைக் கொடுக்கக் கூடாது என்பதால், மாற்றாக நடக்கும் திறனைக் கொடுத்தார்கள். நடக்கத் தெரிந்த எதற்கும் உட்காரவும் தெரியும், எழுந்து நிற்கவும் தெரியும். வாரியம் அதைக் கவனிக்கவில்லை. நான் எடுத்துச் சொல்லவும் இல்லை. கூடத்தின் முன்னால் அது உட்காரும், மேற்படியில் நான் உட்கார்வேன், அது எழுந்து நிற்கும்போது நான் என் கட்டிங் மேசைக்கு எதிரில் இருப்பேன்.

சித்திரை பிறந்து முதல் வேலைநாளில், காலையில் படிக்கட்டு என்னைக் கூப்பிட எங்கள் தெருவுக்கே வந்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் வருகிறது. நாங்கள் போய்ச் சேரும்வரை அண்ணாச்சியும் தையல்காரர்களும் பேக்கரி வாசலில் அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறார்கள்.

"கொஞ்சம் வெரசா வாங்களேன், கனி," என்கிறார் அண்ணாச்சி. இப்போது வாங்க போங்கதான்.

நான் அவசரப்படுவதில்லை. படிக்கட்டாலும் முடியாது. நடையை அது என்னைப் பார்த்துத்தான் பழகியது. கைப்பிடியை வலது முட்டியில் ஊன்றி, எட்டுக்கு எட்டு சாய்ந்து சாய்ந்து, என் பக்கத்திலேயே வருகிறது.