தோகாத்திலிருந்து வந்த டின்

"டின்னைத் திறந்தாச்சா?" என்று நெஜ்தெத் காதோரமாகக் கேட்டபோது சிவசங்கரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜித்தா துறைமுக வேலையில் அவருக்குப் பக்கத்து மேஜை இந்தத் துருக்கிக்காரர். உப்புநீரில் ஊறிய திராட்சை இலை என்று சொல்லி, ஈயம் வைத்து அடைத்த டின் ஒன்றை நேற்றுதான் கொடுத்திருந்தார்.

"இலைக்கு அடியில ஒரு பாட்டில் இருக்கு. எங்க ஊரு நரின்ஜே. வெள்ளை வைன்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். சிவசங்கரன் கெட்டதும் வாயால்தான். நெஜ்தெத்தின் ஊரான தோகாத்தில் எல்லோரும் நரின்ஜே திராட்சைக் கொடியின் இலையை விற்பதற்காகப் பறித்துவிடுவார்களாம். இலை போனால் பழம் வெயிலில் கருகிவிடும். அவருடைய அப்பா மட்டும் நாற்பது கொடிகளை யாரையும் தொடவிடாமல் காத்து, அந்தப் பழத்தைப் பிழிந்து மரப்பீப்பாயில் புளிக்க வைப்பாராம். கதையைக் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாரா? "ஒரு வாய் ருசி பார்க்கணும்" என்று சொல்லித் தொலைத்தார். அதற்காக நெஜ்தெத் லாரி ஓட்டும் தன் மச்சானிடம் சொல்லி சவூதிக்குள்ளேயே கொண்டுவந்து சேர்ப்பார் என்று யார் கண்டது? பிடிபட்டால் சிறை, சவுக்கடி, அப்புறம் ஊருக்கு மூட்டை.

டியூட்டி முடிந்ததும் ஷரஃபியாவில் இருந்த வீட்டுக்கு ஓடினார்.

"அந்த இலை டின் எங்க?"

"அதுல கறிய வெச்சு மடிச்சுல்ல திம்பாங்களாம்! நம்ம சைவ வீட்டுக்கு எதுக்குன்னு கீழ பாய் வீட்டுல குடுத்துட்டேன். நோன்பு மாசம், அவங்களுக்காவது ஆகும்," என்றாள் மனைவி தாமரை.

கீழ்வீட்டு செய்கு அலாவுதீன் கீழக்கரைக்காரர், தையல்காரர். தாமரைக்குப் பிரசவ வலி கண்ட அன்று கார் பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் அவர்தான்.

சிவசங்கரன் போனபோது கஞ்சியும் பேரீச்சம்பழமும் பரப்பியிருந்தார்கள். நடுவில் அலாவுதீனின் கஃபீல், தையல்கடை முதலாளி. அவர் முன்னால் மூடி வெட்டிய டின்.

"வாங்க சார்! தங்கச்சி குடுத்த இலைதான். கஃபீலுக்கு இதுன்னா உசுராம்."

திருப்பிக் கொடுங்கள் என்று கேட்க நாக்கு எழவில்லை. கொடுத்ததை ஏன் கேட்கிறாய் என்பார்களே? மேலாக நாலு இலை எடுப்பார்கள், அடி வரைக்கும் யார் போகப் போகிறார்கள் என்று மனசு சாக்குச் சொன்னது.

கஃபீல் இளசான இலை தேடி முழங்கை வரை கையை விட்டார். கை நின்றது. இலைகள் ஒட்டிய பாட்டில் வெளியே வந்தது. பள்ளிவாசலில் பாங்கு சொல்லத் தொடங்கியும் ஒருவரும் பேரீச்சம்பழத்தைத் தொடவில்லை.

"யாருடையது?" என்று கஃபீல் அரபியில் கேட்டார்.

அலாவுதீன் பாட்டிலைப் பார்த்தார். பிறகு சிவசங்கரனைப் பார்த்தார். அந்த முகத்திலேயே அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"எனக்கு வந்த டின். உள்ளே இருந்தது தெரியாது," என்றார் அலாவுதீன் அரபியில்.

கஃபீல் சிவசங்கரன் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"மாஃபி மாலூம்," தெரியாது என்றார்.

கஃபீல் போலீசைக் கூப்பிட ஆள் அனுப்பினார். அலாவுதீன் தமிழில், மெதுவாகச் சொன்னார்: "நீங்க மேல போங்க சார். கைப்புள்ளையோட தங்கச்சி தனியா இருக்கும்."

சிவசங்கரன் போனார். வெட்கங்கெட்ட கால்கள் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறின.