அறிவிப்பாளரின் ஜெபம்

“ஆண்டவரே, நான் உம்மிடம் சொல்லத் துணியாததையும் நீர் அறிவீர். இங்கே நிறுத்தி, உன் சொந்தக் காரியத்தை உன் வாயால் சொல். ஆகையால் ஆண்டவரே, பயத்தோடு வருகிறவனையும் நீர் திருப்பி அனுப்பாதேயும்” என்று என் வீட்டுக்காரர் ஒரே மூச்சில் வாசித்துக்கொண்டே போனார். கண்ணை மூடியிருந்த நான் சிரித்துவிட்டேன்.

“என்ன?” என்றார்.

“நிறுத்தச் சொல்லியிருக்கு. நீங்க அதையும் சேத்து வாசிக்கிறீங்க.”

புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். “எழுதியிருக்கறதத்தான வாசிச்சேன்.”

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. கையில் கொடுத்த தாளில் என்ன இருக்கிறதோ அதை ஒரு எழுத்து விடாமல், இரண்டு தரம், இடைவெளி இல்லாமல் வாசிக்க வேண்டும். நடுவில் கொஞ்சம் குரல் நின்றாலும் வண்டிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று கூட்டம் ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்க்கும். சபையிலும் அந்தக் குரலுக்கு ஏக கிராக்கி. கல்யாணமா, துக்கமா, ஜெபிக்க இவரைத்தான் கூப்பிடுவார்கள். நானும் அந்தக் குரலில் மயங்கித்தான் கழுத்தை நீட்டினேன் என்பது வேறு கதை. ஆனால் என் வயிற்றில் கட்டி இருக்கிறது, எடுத்துப் பார்த்தால்தான் என்னவென்று தெரியும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து, காலை ஜெபம் நீண்டுகொண்டே போனது. அதில் அரசாங்கங்கள் வந்தன, சபை ஊழியர்கள் வந்தார்கள், டாக்டர்களின் கைகள் வந்தன. என் பயம் மட்டும் அந்த வண்டியில் ஏறவே இல்லை. அவர் பயமும்தான். ஆபரேஷனுக்கு உள்ளே போவதற்கு முன் நாங்கள் இருவரும் சேர்ந்து நிற்கிற ஒரு ஜெபம் எனக்கு வேண்டியிருந்தது.

அதைப் பாஸ்டரம்மாவிடம் சொன்னபோதுதான் இந்தப் பழைய தியானப் புத்தகத்தைக் கொடுத்தார். அட்டை போய்விட்டது. எழுதிய மகராசன் மண்ணுக்குள் போய்ப் பல தலைமுறை ஆகியிருக்கும். “மெதுவா வாசிங்க. மிட்டாய் மாதிரி, கடிக்காம சப்பணும்” என்றார்.

இவரா சப்புவார். மறுநாள் அந்த இடத்தில் நிறுத்தினார், இருமினார், ஒரு கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்தார், “ஆகையால் ஆண்டவரே” என்று கிளம்பிவிட்டார். அதற்கடுத்த நாளும் அதே கதை. எனக்குப் பொறுக்கவில்லை.

“பிளாட்பாரத்துக்கே கேக்கற மாதிரி ஜெபம் பண்றீங்க. பக்கத்துல நான் ஒருத்திதான் இருக்கேன்.”

அவர் முகம் சுருங்கிப்போனது. “எனக்கு இப்படித்தான் வரும்” என்று எழுந்து போனார். சொல்லியிருக்க வேண்டாம் என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் போய்ச் சமாதானம் சொல்லவில்லை.

ஆபரேஷன் அன்று காலை வளையலையும் கண்ணாடியையும் கழற்றி வாங்கிக்கொண்டு, முதுகுப் பக்கம் கட்டுகிற அங்கியைப் போட்டுவிட்டார்கள். இவர் கட்டிலை ஒட்டி நாற்காலியை இழுத்துப் போட்டுப் புத்தகத்தை விரித்தார். சத்தம் போடாமல் அந்த ஒரு வரியை வாசித்தார். நிறுத்தினார். வெளியே யாரோ தரை துடைக்கிற சத்தம் கேட்டது. இதோ வரப்போகிறது என்று அந்த ‘ஆகையால்’ என்ற சொல்லை எதிர்பார்த்துக் காத்திருந்தேன். வரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன். புத்தகம் மடியில் கிடந்தது. உதடு அசைந்தது, குரல் எழும்பவில்லை.

“அப்பா” என்றார் கடைசியில். ‘சர்வ வல்லமையுள்ள பிதாவே’ என்பதற்குக் குறைந்து அவர் ஆரம்பித்து நான் கேட்டதில்லை. “எனக்குப் பயமா இருக்கு. இவ இல்லாத வீட்டுக்கு எனக்குப் போகத் தெரியாது.”

தொண்டை கட்டியவன் குரல் போல இருந்தது. சபையில் யார் கேட்டிருந்தாலும் நம்பியிருக்க மாட்டார்கள். கத்தி வைக்கப்போகிற நேரத்தில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“எனக்கும் பயமா இருக்குப்பா” என்று நானும் சொன்னேன், அவர் கூப்பிட்ட அதே அப்பாவிடம்.

சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வாசலுக்கு வந்தாள். “போலா...” என்று ஆரம்பித்து எங்களைப் பார்த்தாள். இவர் கண் திறக்கவில்லை, இன்னும் ஏதோ சொல்லத் தேடிக்கொண்டிருந்தார். அவள் நாற்காலியின் பிரேக்கைக் காலால் மெல்ல அழுத்திவிட்டு, தரையைப் பார்த்தபடி நின்றாள்.