கொசுறாக வந்த கம்பி

லென்ஸ்காரி என்று அவளுக்குப் பெயர் வைத்தது அவளுடைய நாத்தனார்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. வீட்டுக்கு வந்தால், சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் இடத்தில் பலகையைப் போட்டுக்கொண்டு எதையாவது அறுப்பாள், அரத்தால் ராவுவாள். "என் தம்பி கட்டிக்கிட்டது பொண்டாட்டியையா, பட்டறையையா?" என்று நாத்தனார் கேட்டால் அது தெருக்கோடி வரை கேட்கும். காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் கூறுகிறவள்; தொண்டை அப்படி.

அந்த வருடம் லென்ஸ்காரி ஒரு வெப்பக்காற்று இயந்திரம் செய்ய இறங்கியிருந்தாள். கீழே சின்ன விளக்கு, மேலே தகர உருளை. உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரியும், குளிர்ந்தால் சுருங்கும்; அந்த விரிதலும் சுருங்கலுமே ஒரு சக்கரத்தைச் சுற்றிவிடும். உருளை தயார், சக்கரம் தயார். பாக்கி ஒரே ஒரு கம்பி. உருளையின் மூடியில் உள்ள துளை வழியாக அது மேலும் கீழும் போய்வர வேண்டும். காற்றும் கசியக் கூடாது, உரசிக்கொண்டும் நிற்கக் கூடாது.

சைக்கிள் சக்கரத்துக் கம்பியைப் போட்டுப் பார்த்தாள். குடைக்கம்பியைப் பிடுங்கிப் போட்டாள். அடுத்த மழைக்கு அவள் கணவன் ஒரு பக்கம் தொங்கிப்போன குடையோடு வேலைக்குப் போக, பஸ் டிப்போவே சிரிப்பாய்ச் சிரித்தது. இரும்புச் சாமான் கடைக் கம்பி கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது. துளைக்குள் போனதும் வளைவைக் காட்டிக்கொடுத்துவிட்டது. இரண்டு மழைநாளில் துருவும் பிடித்தது.

இழைத்தாற்போல் நேரான, துருப்பிடிக்காத கம்பி விற்கும் பெரிய நிறுவனத்துக்கு போன் செய்தாள்.

"எந்தக் கம்பெனிலேர்ந்து பேசுறீங்க?"

"கம்பெனி இல்லீங்க. வீட்டுலேர்ந்து."

"வீட்டுக்கு எதுக்கும்மா இதெல்லாம்? நாங்க முழு நீளமாத்தான் தருவோம். அதுவும் கட்டுக் கட்டாத்தான்."

அவளுக்கு வேண்டியது ஒரு சாண். யானையை வாங்கினால்தான் வால் கிடைக்கும் போலிருந்தது.

ஒரு நாள் கண்ணாடிக் கடைக்குப் பக்கத்துக் கடையில் நகலெடுக்கும் மெஷினை மெக்கானிக் பிரித்துப் போட்டிருந்தார். உள்ளே ஒரு கம்பியின் மேல் விளக்குப் பெட்டி வழுக்கிக்கொண்டு போய்வந்தது. லென்ஸ்காரி குனிந்து பார்த்தாள். கூரை டியூப்லைட்டின் பிம்பம் அந்தக் கம்பியில் கோடு கிழித்ததுபோல் விழுந்திருந்தது. எங்கும் நெளிவு இல்லை. வருடக்கணக்காக ஓடியும் பொட்டுத் துரு இல்லை.

"அண்ணே, இந்த மாதிரி பழைய மெஷினெல்லாம் கடைசில எங்க போகும்?"

"எங்க போகும்? பழைய இரும்புக் கடைக்குத்தான்."

ஞாயிற்றுக்கிழமை போனாள். குவியலில் பழைய மெஷின் ஒன்று குப்புறக் கிடந்தது. கம்பியைக் கண்டதும் அவள் முகம் பூத்துப்போனது. கடைக்காரர் கம்பியைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஒரு விலை சொன்னார். அந்த விலைக்குப் புது மெஷினே வாங்கலாம். வெறுங்கையோடு திரும்பினாள்.

விஷயம் நாத்தனார் காதுக்குப் போனது. "அடியே, பொருளைப் பார்த்துப் பல்லைக் காட்டினா எவன் விலையைக் குறைப்பான்? எனக்கும் சந்தைக்கு இரும்பு ராக் ஒண்ணு வேணும். வா போகலாம். ஆனா நீ உள்ள வராதே. உன் மூஞ்சி நம்ம குடியைக் கெடுத்துடும்."

லென்ஸ்காரி எதிர்ப்புறத்து டீக்கடையில் நின்றாள். தெருவைத் தாண்டிப் பேரம் முழுக்கக் கேட்டது.

"இது ராக்கா, சல்லடையா? இத்தனை ஓட்டை!"

"துருதான்கா. பெயின்ட் அடிச்சா போயிடும்."

"பெயின்ட் அடிச்சா எனக்கும்தான் வயசு போயிடும்!"

கடைக்காரர் சிரித்துவிட்டார். சிரித்தவர் பாதி தோற்றவர். விலை படிந்தது. பணத்தைக் கொடுத்துவிட்டு நாத்தனார் நகரவில்லை.

"கொசுறு?"

"இரும்புக் கடைல கொசுறாக்கா?"

"ஒரு கட்டுக் கீரைக்கே நாங்க கருவேப்பிலை கொடுக்கிறோம். அதோ உடைஞ்சு கிடக்குதே, அந்த மெஷினைப் போடுங்க."

போட்டார்.

அன்று மாலையே கம்பியைக் கழற்றி ஒரு சாண் அறுத்தாள். பழைய மின்விசிறியிலிருந்து எடுத்த வெண்கல வளையத்தை மூடியில் பொருத்தி, லென்ஸுக்கு மெருகேற்றும் பொடியைத் தொட்டு உள்பக்கத்தைப் பதமாகத் தேய்த்தாள். கம்பியைத் துளைக்கு மேல் நிறுத்திக் கையை எடுத்தாள். அது தன் எடையிலேயே மெல்ல, தேனில் இறங்குவதுபோல் இறங்கியது. வெளியே எடுத்து மறுபடியும் ஒரு தடவை இறக்கிப் பார்த்தாள்.

கம்பியைச் சக்கரத்தோடு இணைத்து விளக்கை ஏற்றினாள். கணவனும் நாத்தனாரும் பலகைக்கு இரண்டு பக்கமும். சக்கரம் அசையவில்லை.

"சூடு ஏறணும் அண்ணி," என்றாள்.

கொஞ்சம் பொறுத்து விரலால் லேசாகத் தட்டிவிட்டாள். சக்கரம் ஒரு சுற்று சுற்றியது. தயங்கியது. இன்னொரு சுற்று. பிறகு 'டிக் டிக்' என்று தன் போக்கில் பிடித்துக்கொண்டது. நாத்தனார் வாயில் கை வைத்து நின்றாள். அந்த வாய் அத்தனை நேரம் சும்மா இருந்ததை அந்த வீடு அதுவரை பார்த்ததில்லை.

மறுவாரம் லென்ஸ்காரி இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு இரும்புக் கடைக்குப் போனாள். கம்பி எதற்கு என்பதை ஒளிக்காமல் சொன்னாள். கடைக்காரர் விளக்கை ஏற்றச் சொன்னார். சக்கரம் சுற்றியதும் பக்கத்துக் கடைக்காரர்களைக் கூப்பிட்டார். "பாருங்கய்யா, எங்க கடைக் கம்பி!" இனி அந்த மாதிரிக் கம்பி வந்தால் தனியாக எடுத்து வைப்பதாகவும், எடை போட்டு இரும்பு விலைக்கே தருவதாகவும் சொன்னார். அவளும் மறுக்கவில்லை.

நாத்தனாருக்கு அது போதவில்லை. அவளைச் சந்தைக்கு இழுத்துப் போனாள். முட்டைக்கோஸ் மூட்டைகளின் மேல் பலகை போட்டு இயந்திரத்தை வைத்தார்கள். மூட்டை தூக்குகிறவர்கள், வியாபாரிகள் எல்லாரும் கூடிவிட்டார்கள். ஏலம் நின்றுபோனது.

"எங்க வாங்கினீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"வாங்கறதா? எங்க வீட்டுல செஞ்சது. செஞ்சது இவ!"

மொத்த வியாபாரி ஒருவர் ஒரு விலை சொன்னார். இன்னொருவர் அதற்கு மேல் சொன்னார். கேட்கிற விலையைத் திருப்பிக் கூவியே பழகிய நாத்தனார் இந்தத் தடவை கையை உயர்த்தினாள்.

"இது ஏலத்துக்கு இல்ல!"

லென்ஸ்காரி தலையைக் குனியவில்லை. கூட்டத்தை நிமிர்ந்து பார்த்தாள். யாரோ பின்வரிசையிலிருந்து, "எப்படிம்மா சுத்துது?" என்று கேட்டார்கள். கேட்டவரை முன்னே வரச் சொல்லி, முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தாள்.