கேன்டீனுக்குள் வந்த மூஸ் மான்

நோரினின் முதல் நாடாளுமன்றப் பேச்சை அவருடைய உதவியாளரான நான் மூன்று முறை எழுதினேன். மூன்றையும் திருப்பித் தந்தார்.

“கோபத்தை எல்லாம் எடுத்துடு, டெஸ். ஊரைப் பத்தி எழுது. அந்த மான் கதையைப் போடு. தேதி மட்டும் வேண்டாம்.”

எங்கள் ஊர் ஹாலோ லேக்கில் ஒரு காகித மில். ஆறு வருடங்களுக்கு முன் அங்கே குளோரின் கசிந்து நோரினின் கணவர் லியோ இறந்தார். வால்வைத் திறக்கச் சொன்னவர் மேலாளர் பிரெவிட். அந்த வாரம் முழுக்க டொரண்டோவில் இருந்ததாக அவர் விசாரணைக் கமிஷன் முன் சத்தியம் செய்தார். கசிவு நாளன்று அவரை மில்லில் பார்த்தவர்களுக்கு மில்லில் வேலை வேண்டியிருந்தது; யாரும் மறுத்துச் சாட்சி சொல்லவில்லை. தவறு லியோவுடையது என்று அறிக்கை வந்தது. பிரெவிட் இப்போது அமைச்சர். அந்த அறிக்கையைக் கிழிக்கத்தான் நோரின் தேர்தலில் நின்றார்.

கனடா நாடாளுமன்றம் இருக்கும் ஒட்டாவாவில் ஒரு வழக்கம் உண்டு. புது உறுப்பினரின் முதல் பேச்சுக்கு யாரும் கூச்சல் போடமாட்டார்கள். முடிந்ததும் எதிர்வரிசையினரும் எழுந்து வாழ்த்துவார்கள். அதற்குப் பதில் சொல்லப் பேசியவருக்கு நேரம் உண்டு.

நான் மேலே பார்வையாளர் வரிசையில் இருந்தேன். நோரின் ஏரியைப் பற்றிப் பேசினார், பனியைப் பற்றிப் பேசினார். மில் கேன்டீனுக்குள் குதிரை உயர மூஸ் மான் நுழைந்த கதைக்கு அவை சிரித்தது.

பிரெவிட் எழுந்தார்.

“அவைத்தலைவர் அவர்களே, ஹாலோ லேக் உறுப்பினருக்கு வாழ்த்துகள். ஆனா கதையில ஒண்ணை விட்டுட்டாங்க. அந்த மான் தின்னது என்னோட ஆப்பிள் பை! துடைப்பத்தால விரட்டினதும் நான்தான்!”

எல்லோரும் கைதட்டினார்கள். நோரின் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

“அமைச்சருக்கு நன்றி. மில்லுக்குள்ள மான் வந்தது ஒரே ஒரு நாள்தான். அக்டோபர் பதினாலு, காலை பத்து மணி. மில் வாசல் காவலர் பதிவேட்டுல இருக்கு. அன்னிக்கு மூணு மணிக்கு என் புருஷன் செத்தார். அந்த வாரம் முழுக்க டொரண்டோவுல இருந்தேன்னு பைபிள் மேல கை வெச்சுச் சொன்னவர் இந்த அமைச்சர்.”

“அது வேற மான்!” பிரெவிட் உட்கார்ந்தபடியே கத்தினார்.

“மில்லுல எத்தனை மான்யா வளர்த்தீங்க?” என்றது எங்கள் கட்சியின் பின்வரிசை.

கீழே அவைப் பதிவாளர் ஒவ்வொரு சொல்லையும் தலை நிமிராமல் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

வெளியே கூடத்தில் பிரெவிட் எங்களை மறித்தார். உதடு வெளுத்திருந்தது.

“மரியாதைக்காகத்தானே எழுந்தேன், நோரின்.”

“தெரியும். எழுந்திருப்பீங்கன்னுதான் மூணு வாரம் எழுதினோம்.”

அவர் என்னைப் பார்த்தார். வழக்கமாக நான் தலையைக் குனிந்துகொள்வேன். அன்று குனியவில்லை.

அவர் போனதும் நோரின் கோட்டை மாட்டிக்கொண்டார்.

“டெஸ், முதல்ல ஒண்ணு எழுதினியே, கோபமா. அதை எடுத்துட்டு வா. மறுவிசாரணை கேட்டு கமிஷனுக்கு அனுப்பணும்.”